காலி பாட்டிலின் ரீடிங்

வளைகுடாவில் முப்பது வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "எண்ணெய்க் கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் நமக்கு மரியாதை. மேலே விளக்கப் போனால் இருக்கிறதும் போய்விடும். என் மாமியாரிடம் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். கடலுக்கு நடுவில் ஒரு இரும்புத் தளம், கீழேயிருந்து எண்ணெய் வரும்போது கூடவே அழுக்குத் தண்ணீரும் வரும், அதைச் சுத்தம் செய்து கடலில் விடுவார்கள், சுத்தமாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது நான் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, சாக்கடைத் தண்ணியப் பாத்து விடுற வேலை. அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை எம்.எஸ்ஸி?" என்றார். அன்றோடு நான் எண்ணெய்க் கம்பெனி ஆள்.

இப்போது இதை எழுத வைத்தவர்கள் என் பழைய லேப் பிள்ளைகள். எங்கள் தளத்தில் போன மாதம் தானாகவே அளக்கும் கருவியைக் குழாயிலேயே பொருத்திவிட்டார்களாம். நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் திரையில் ஓடுகிறதாம். அதைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு, "சார், இனிமே பாட்டில் தூக்க வேண்டாம். ஒரு பாட்டில்ல தண்ணி பிடிக்கிறதுல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். குழுவில் பதில் எழுதக் கூடிய விஷயமில்லை அது. அதனால் மதுரையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் ஆரம்ப காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். முதல் நாலு வருஷம் குவைத். ஃபர்வானியாவில் ஒரு ரூமில் ஆறு பேர், ஒரு பாத்ரூம், குடிநீர் ஆலையில் டியூட்டி. அடுத்து தோஹா தொழில்பேட்டை. அங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் லேபில் பெயர் தெரியாத எண்ணெய்களையெல்லாம் சோதித்தேன். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் அபுதாபிக் கடல். குடும்பம் ஊரில் ஃபிளாட்டில் இருக்கும், நான் இருபத்தெட்டு நாள் தளத்தில், இருபத்தெட்டு நாள் வீட்டில். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, தளத்தின் படத்தில் என்னை ஹெல்மெட்டோடு ஒரு புள்ளியாக வரைந்திருந்தாள். அளவு சரிதான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிணறு வயதாக வயதாக எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வரும். கடல் தண்ணீரைவிட உப்பு, கை வைக்க முடியாத சூடு. முதலில் அதைச் சுழற்றுகிற குழாய்களுக்குள் விட்டு எண்ணெயைப் பிரிப்பார்கள். மிச்சத்தை ஒரு பெரிய தொட்டியில் விட்டு, அடியிலிருந்து வாயுக் குமிழிகளை அனுப்புவார்கள். குமிழி ஒவ்வொன்றும் கொஞ்சம் எண்ணெயை ஒட்டிக்கொண்டு மேலே வரும். பாலாடை மாதிரி மேலே சேர்வதை வழித்துவிட்டால் கீழே இருப்பது கடலுக்குப் போகலாம். எங்கள் தளத்துக்கு வரம்பு முப்பது. அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் முப்பது பங்கு எண்ணெய்வரை விடலாம். முப்பத்தொன்று வந்தால் கடலுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுத் தண்ணீரை வேறொரு தொட்டியில் தேக்க வேண்டும். தொட்டி நிரம்பினால் கிணற்றையே மூட வேண்டும். கிணற்றை மூடினால் கரையிலிருந்து போன் வரும், யார் யாரோ பேசுவார்கள்.

அந்தக் குமிழித் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் செல்லத்துரை. முதுகுளத்தூர் பக்கம். பெயின்ட் அடிக்கிற ஹெல்ப்பராகத் தளத்துக்கு வந்து, ஆபரேட்டருக்கு வால்வு திறக்க உதவி, பிறகு அவனே ஆபரேட்டர் ஆனவன். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேச மாட்டான். காலையும் மாலையும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெளியே துடைத்து, லேப் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். போகிற போக்கில், "இன்னைக்கு இருபத்திரெண்டு வரும் சார்" என்பான்.

நான் மிஷினில் போட்டுப் பார்ப்பேன். இருபத்திரெண்டு வரும். அல்லது இருபத்தொன்று.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. இரண்டு வருஷம் முதுகலை வேதியியல் படித்து, தினமும் காலையில் துடைத்துத் துடைத்து நான் வைத்திருந்த மிஷின் சொல்ல வேண்டிய எண்ணை, தொட்டியின் கண்ணாடி ஜன்னலில் நுரையின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தன் சொல்லிவிட்டுப் போகிறான். என் மனம் அதற்கு ஒரு சுலபமான காரணம் கண்டுபிடித்தது. எண் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிறதென்றால், எண்ணைத் தயாரிக்கிறவனே அவன்தான். பாட்டிலில் பாதிக்கு நல்ல தண்ணீரைக் கலக்கிறான். சந்தேகம் வந்துவிட்டால் கயிறெல்லாம் பாம்புதானே.

ஒரு ஜனவரி மாதம், "இனிமேல் சாம்பிள் நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"சரி சார்" என்றான் செல்லத்துரை. ஏன் என்று கேட்கவில்லை. அதையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நான் எடுத்த முதல் பாட்டில் முப்பத்தைந்து காட்டியது. மறுநாள் முப்பத்தேழு. எனக்கு உள்ளூர ஒரே குஷி. கடலுக்குப் போகும் வால்வை மூடினார்கள், தொட்டி நிரம்பியது, இரண்டு கிணறுகளை மூடினார்கள். தள மேலாளர் ஒரு ஆஸ்திரேலியர், தூங்காத கண்ணோடு என் லேபுக்கு வந்து, "உறுதியாகச் சொல்கிறாயா?" என்று கேட்டார். அவர் முன்னாலேயே ஒரு பரிசோதனை வைத்தேன். சாம்பிள் பிடிக்கிற ஒரே வால்வு, ஒரே நேரம். செல்லத்துரை ஒரு பாட்டில் பிடித்தான், அடுத்த நிமிஷம் நான் ஒன்று பிடித்தேன். அவனுடையது இருபத்தொன்று, என்னுடையது முப்பத்தாறு.

"ஒரே குழாயில் வந்த தண்ணிதானே? எப்படிப்பா இப்படி வரும்?" என்று செல்லத்துரையிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"தெரியல சார். நான் எப்பவும் போலத்தான் பிடிச்சேன்."

"கண்ணு முன்னாடியே கலக்குற அளவுக்குக் கைவேகம்" என்றேன்.

"நான் எதுக்கு சார் கலக்கப் போறேன்?" என்றான். குரல் உயரவில்லை. என் முகத்தையே பார்த்தான். நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

அறிக்கை எழுதினேன். சாம்பிளில் கலப்படம் என்றால் சும்மா டிரான்ஸ்ஃபர் இல்லை. விசா கேன்சல், மறுபடி கடலில் எந்தத் தளத்துக்கும் வர முடியாது. வியாழக்கிழமை மத்தியான ஹெலிகாப்டரில் செல்லத்துரையின் பெயர் ஏறியது. தளத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரிக்ரியேஷன் ரூமுக்கு அவன் வந்தால் பேச்சு நின்றது.

அதே வியாழக்கிழமை காலை ஹெலிகாப்டரில் முதீர் வந்து இறங்கினார். அரபியில் முதீர் என்றால் மேலாளர். எங்கள் கம்பெனியின் எல்லாத் தளங்களின் கழிவுநீருக்கும் அவர்தான் பொறுப்பு. பெயர் சலீம். சலாலாக்காரர், ஓமானி. இளமையில் வடக்கே, பனி பெய்கிற கடலில் உள்ள தளங்களில் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் குளிர் உடம்பிலிருந்து இறங்கவே இல்லை என்பார். ஆகஸ்டிலும் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுத்தான் எங்கள் ஏ.சி. லேபுக்குள் நுழைவார். சொந்த பிளாஸ்கில் இஞ்சி போட்ட, பால் இல்லாத சுலைமானி டீ. இந்தி நம்மைவிட நன்றாகப் பேசுவார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் வருகிறார் என்றால் எல்லா லேபிலும் அலமாரியை ஒதுக்குவார்கள். காரணம், அவர் அறிக்கையைப் படிக்க மாட்டார். செய்து காட்டு என்பார்.

அன்றும் என் அறிக்கையை நீட்டினேன். வாங்கி, அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார்.

"டாக்டர் சாப்," என்றார். வெள்ளைக் கோட்டு போட்டதால் எனக்கு அந்தப் பட்டம். "எப்படி சாம்பிள் எடுத்தீங்களோ அப்படியே எடுங்க. நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

சாம்பிள் வால்வுக்குப் போனோம். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கையுறை மாட்டி, லேபிலிருந்து கொண்டு வந்த பாட்டிலை எடுத்தேன். வால்வைத் திறந்து ஒரு நிமிஷம் ஓடவிட்டேன், குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் போக வேண்டுமே. பிறகு பாட்டிலில் கால்வாசி பிடித்து, நன்றாகக் குலுக்கிக் கொட்டினேன். மறுபடி பிடித்தேன், குலுக்கினேன், கொட்டினேன். மூன்றாவது முறையும். நம் ஊர்க் கல்லூரியில் வேதியியல் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். எதை அளக்கிறாயோ அதாலேயே பாத்திரத்தை மூன்று தடவை அலசு. அலசாமல் பியூரெட்டைத் தொட்டால் எங்கள் பேராசிரியர் ரெகார்டு நோட்டைத் தூக்கி எறிவார். கை தானாகச் செய்யும். அதற்குப் பிறகு கழுத்துவரை நிரப்பி, சில சொட்டு அமிலம் விட்டு, மூடினேன். முகத்தில் பெருமை இருந்திருக்கும்.

முதீர் பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "இன்னொண்ணு" என்றார். எடுத்தேன். "அச்சா. இன்னொண்ணு, ஆனா இதை மூணு தடவை அலசிக் கொட்டிட்டு, அப்படியே மூடிடுங்க."

"நிரப்ப வேண்டாமா?"

"வேண்டாம்."

லேபுக்கு வந்தோம். அங்கே முறை இது: பாட்டிலில் உள்ள முழுத் தண்ணீரோடும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும் கரைப்பானைச் சேர்த்து இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் விட்டுப் போகாமல், பாட்டிலையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். பிறகு கரைப்பானை மட்டும் பிரித்து மிஷினில் வைத்தால் எண்ணெயின் அளவு தெரியும். நிரப்பிய பாட்டில் முப்பத்தாறு காட்டியது.

"இப்போ அது" என்று காலி பாட்டிலைக் காட்டினார் முதீர்.

"அதில் ஒண்ணும் இல்லையே சார்."

"இல்லாததை அளங்க."

காலி பாட்டிலில் கரைப்பான் ஊற்றினேன். குலுக்கினேன். மிஷினில் வைத்தேன். நிரப்பிய பாட்டிலுக்குப் போடுகிற அதே கணக்கைப் போட்டேன். பதினான்கு.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாட்டிலில் பதினான்கு. முப்பத்தாறில் பதினான்கு போனால் இருபத்திரெண்டு. செல்லத்துரையின் எண்.

முதீர் பேசிக்கொண்டிருந்தார். நம்முடைய எண்ணெயில் மெழுகு அதிகம், ஜனவரியில் ஏ.சி. ரூமிலிருந்து எடுத்த பாட்டில் ஜில்லென்று இருக்கும், சூடான தண்ணீர் பட்டதும் மெழுகோடு எண்ணெய் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினாலும் அது போகாது, மூன்று தடவை அலசினால் மூன்று பூச்சு என்றார். அதனால்தான் எண்ணெய் சாம்பிளுக்கு மட்டும் பாட்டிலை அலசவே கூடாது என்று முறைப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. சாம்பிள் எடுப்பது ஆபரேட்டர் வேலை என்று அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை. ஆபரேட்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். செல்லத்துரை அதில் உட்கார்ந்து கேட்டவன்.

"நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கேன்" என்றார் முதீர், டீயை ஊற்றிக்கொண்டே. "பனிக் கடல்ல. ரெண்டு வாரம். கடைசியில 'மிஷின் கோளாறு'ன்னு எழுதித் தப்பிச்சேன். மிஷினைப் பெட்டியில கட்டி ஃபாக்டரிக்கு அனுப்பினாங்க. மூணு மாசம் கழிச்சு, மிஷினில் எந்தக் கோளாறும் இல்லைன்னு கடிதத்தோட திரும்பி வந்துச்சு. அந்தக் கடிதத்தை எல்லாரும் படிச்சாங்க." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிய படிவம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். 'காரணம்' என்று ஒரு கட்டம். "நீங்க எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுவேன். யல்லா, சீக்கிரம், ஹெலிகாப்டருக்கு நாற்பது நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளாஸோடு வெளியே போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் பேனா முதலில் மிஷின் பக்கம்தான் போனது. அந்த வருஷம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய வருஷம். இரண்டு கிணற்றை ஒரு வாரம் மூட வைத்த கெமிஸ்டை யார் வைத்துக்கொள்வார்கள்? மிஷின் என்று எழுதினாலும் செல்லத்துரைக்கு வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் தளத்தில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மிஷின் கெட்டுப்போனதால் தப்பித்தான் என்பார்கள். கைவேகம் என்று நான் சொன்ன சொல் அப்படியே நிற்கும். எழுதினேன்: 'செல்லத்துரை எடுத்த சாம்பிள்கள் எல்லாம் சரியானவை. தவறான முறையில் எடுத்தது நான்.' கையெழுத்துப் போட்டபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

முதீர் நின்றபடியே படித்தார், கையெழுத்துப் போட்டார். "கலாஸ், முடிஞ்சது. இதை மேனேஜர்கிட்ட நான் கொடுக்கறேன். அந்த ஆள்கிட்ட நீங்க போங்க" என்றார்.

ஹெலிகாப்டர் காத்திருப்பு அறையில் பதினைந்து பேர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பாதுகாப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையாளி, பிலிப்பினோ, பாகிஸ்தானி எல்லோரும் லீவுக்குப் போகிற சந்தோஷத்தில் இருந்தார்கள். செல்லத்துரை கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செல்லத்துரை, நீ போக வேண்டாம். தப்பு உன்மேல இல்ல. நான் பாட்டிலை அலசினதுதான் தப்பு. எழுதிக் கொடுத்துட்டேன்."

"அலசக் கூடாதுன்னுதான் சார் எங்களுக்குச் சொன்னாக" என்றான்.

"நான் அலசுறதை அன்னைக்குப் பார்த்தியா?"

"பாத்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"கெமிஸ்ட் அலசுறாருன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன் சார். நீங்க படிச்சவுக."

என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் என்றேன். தலையை ஆட்டினான். பையிலிருந்து போனை எடுத்தான். "சார், ஒரு உதவி. இதை எங்க வீட்ல நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அவுக நம்புற நிலைமையில இல்ல."

அவனுடைய மனைவி எடுத்தாள். நான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் அழுதாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்லைங்க. அவுக அப்படிச் செய்ய மாட்டாக. எங்க மாமா, அவுக அப்பாதான் நம்பிட்டாரு. அவர்ட்ட குடுக்கேன், அவருக்குச் சொல்லுங்க. காது கேக்காது, சத்தமாச் சொல்லணும்."

"அய்யா, வணக்கம். செல்லத்துரைகூட வேலை பாக்குற கெமிஸ்ட் பேசுறேன்" என்றேன்.

"சத்தமாப் பேசுப்பா."

எழுந்து நின்றேன். "உங்க மகன் ஒரு தப்பும் பண்ணலைய்யா!"

"காது கேக்கலப்பா. இன்னும் சத்தமா."

"உங்க மகன் கள்ளத்தனம் பண்ணலைய்யா! தப்புப் பண்ணினது நான்! நான்தான் தப்பா அளந்தேன்!"

அறையில் பாதுகாப்புப் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவன் தெரியாதவனுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேத்து அவன வீட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிப்புட்டேன்ப்பா" என்றார் பெரியவர். "அவன் இருக்கானா அங்கன? குடு, அவன்ட்ட குடு."

கொடுத்தேன். செல்லத்துரை போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பக்கம் நிறையப் பேசியிருக்க வேண்டும். இவன் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக அவன் மெஸ் பக்கமே வரவில்லை என்று சமையல்காரர் அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"சாப்பிட்டேன்ப்பா" என்றான் செல்லத்துரை.